அசல்காரர் அழித்த ஒட்டகம்

அந்தத் தெருவில் அவருக்கு அசல்காரர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. மின்சாரக் கட்டண ரசீதைத் தவிர வேறு எங்கும் இப்போது அதைப் பார்க்க முடியாது. எதைக் கண்டாலும் "இது அசலா?" என்று கேட்பார். கேட்பாரே ஒழியப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். கட்டைவிரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிவிட்டுப் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். வங்கியில் மேனேஜரின் மேசையைச் சுரண்டி வாட்ச்மேனிடம் பேச்சு வாங்கியவர். ஆஸ்பத்திரியில் ஊசியோடு வந்த நர்ஸை நிற்க வைத்துவிட்டுக் கட்டிலின் தலைமாட்டைச் சுரண்டி, "பிளைவுட்" என்று முகத்தைச் சுளித்தவர். "என்னையும் சுரண்டிப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டாரு" என்று அவர் மனைவி சொல்வாள். அதில் பாதி கேலி, பாதி அலுப்பு.

தொழில், பழைய ரேடியோக்களின் மரப்பெட்டியைப் புதுப்பிப்பது. உள்ளே இருக்கிற வால்வு, கம்பி எதையும் தொடமாட்டார். அது இரண்டு கடை தள்ளி இருக்கும் மெக்கானிக்கின் பாடு. "பாட வைக்கிறது அவன் வேலை. பாடும்போது பாக்க லட்சணமா இருக்கணும்ல, அது என் வேலை" என்பார். பெட்டி வந்ததும் குமிழ்களைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார். ஸ்பீக்கர் துணியைக் கிழியாமல் உரித்தெடுப்பார். பிறகு பழைய மெருகைக் கரைத்துத் துடைத்து, விட்டுப்போன மூலைகளை வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டி, உப்புத்தாள் போட்டு, பனியன் துணியில் பஞ்சைச் சுருட்டிப் புது மெருகை வட்டம் வட்டமாக ஏற்றுவார். வெள்ளைப் பனியன்தான் வேண்டும், அதுவும் பல தடவை துவைத்ததாக இருக்கவேண்டும். அவர் வீட்டில் ஒரு பனியன் கிழிவதற்கு முன்பே கீழே பட்டறைக்குப் போய்விடும். கீழே முன்னறை பட்டறை, மாடியில் வீடு. ஸ்பிரிட் வாசனை படியேறி வந்து சோற்றுப் பானை வரைக்கும் எட்டிப் பார்க்கும்.

இந்த வேலையை அவர் கற்றது ஒரு சவப்பெட்டிக் கடையில். வாலிப வயதில் அங்கே மெருகு போடுகிறவராகச் சேர்ந்தார். முதலாளி ஒரு பூச்சு போதும் என்பார், இவர் நான்கு பூச்சுப் போடுவார். "ஏம்பா, மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்கு இவ்ளோ பளபளப்பு? உள்ள இருக்கிறவரு எழுந்து வந்து பாக்கவா போறாரு?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஒரு நாள் சாதா மரத்துக்குச் சாயம் பூசித் தேக்கு என்று விற்கச் சொன்னபோது, வாங்க வந்தவர் முன்னாலேயே "இது தேக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். அழுதுகொண்டு வந்தவர்களிடம் போய்ச் சொல்கிற விஷயமா அது? அன்றோடு வேலை போயிற்று. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் கிடையாது, பெருமைதான் உண்டு. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்து சொல்வார்.

ரேடியோப் பெட்டிகளில் பெரும்பாலும் முழு மரம் இருக்காது. தாள் கனத்துக்குச் சீவிய உயர்ந்த மரத்தைச் சாதாப் பலகையின்மேல் ஒட்டியிருப்பார்கள். வெனீர் என்று அதற்குப் பெயர். "அப்ப அதுவும் மேல ஒட்டினதுதானே, அது மட்டும் எப்படி அசலாச்சு?" என்று மனைவி ஒருமுறை மடக்கினாள். "ஒட்டினா என்ன, மரம் மரம்தானே" என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க உம்மென்று இருந்தார். ஸ்டிக்கர், பெயின்டால் வரைந்த வரி, பிளாஸ்டிக் தகடு, இந்த மூன்றையும் பட்டறைக்குள் விடுவதில்லை. கேட்டு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அவருக்கு உடன்பிறந்தவள் ஒரே ஒரு தங்கை. கூப்பிடு தூரம் என்று சொல்லமுடியாது, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு கொட்டாவி விடுவதற்குள் இறங்கவேண்டிய தூரம். அந்தத் தங்கை அவர் வீட்டு வாசலை மிதித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. காரணம், ஒரு சாப்பாட்டு மேசை.

தங்கை புருஷனுக்குச் செருப்புக்கடையில் வேலை. மெதுவாகப் பேசுகிற, சிரித்த முகமான மனிதர். எதற்கும் "ஆமாங்க" என்பார். வாங்க வந்தவர் "கடிக்குதே" என்றால் "ஆமாங்க, பழகிடுங்க" என்பார். "லூசா இருக்கே" என்றால் "ஆமாங்க, காத்தோட்டமா இருக்கும்" என்பார். அசல்காரருக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த வழுவழுப்பு பிடிக்கவில்லை. ஒரு மனுஷனுக்குக் கோபம் என்று ஒன்று வரவேண்டாமா?

அவர்கள் புதிதாக ஒரு சாப்பாட்டு மேசை வாங்கி, நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அண்ணனும் அண்ணியும் போனார்கள். எல்லோரும் மேசை நன்றாக இருக்கிறது என்றார்கள். அசல்காரரின் நகம் சும்மா இருக்குமா? ஓரத்தில் ஒரு சுரண்டு. மர வரி போட்ட தாள் சுருண்டு எழுந்தது, உள்ளே மரத்தூள் அட்டை தெரிந்தது. அத்தோடு விட்டிருந்தால் தங்கை முறைத்துவிட்டுப் போயிருப்பாள். விடவில்லை. "மேசையும் மாப்பிள்ளை மாதிரியே இருக்கு. மேல பளபளப்பு, உள்ள வெறும் தூள்" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்து, "ஆமாங்க மச்சான்" என்றார்.

தங்கை சிரிக்கவில்லை. பரிமாறுவதை நிறுத்தினாள். "சாப்ட்டு முடிச்சிட்டுக் கிளம்புண்ணா. இனிமே நீ இங்க வர வேணாம், நான் அங்க வரமாட்டேன்" என்றாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அண்ணன் குணத்தில் பாதி அவளுக்கும் இருந்தது, சொன்னதைச் செய்தாள். ஆரம்பத்தில் அவரும் "போனாப் போறா" என்று வீறாப்பாகத்தான் இருந்தார். பிறகு பஸ்ஸில் அவள் சாயலில் யாராவது ஏறினால் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போகத் தொடங்கினார். மன்னிப்புக் கேட்கலாம் என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். உண்மையைச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு என்பது அவர் கட்சி.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, பட்டறை வாசலில் ஒரு வாடகை வண்டி நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். போர்வையில் சுற்றிய எதையோ கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, "மச்சான், உள்ள வரலாமா?" என்று படியிலேயே நின்றார்.

அசல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வாங்க மாப்பிள்ளை, இது என்ன கேள்வி" என்று மேசையில் இருந்த சாமான்களை இரண்டு கையாலும் ஒதுக்கினார். ஒதுக்கியதில் ஒரு ஸ்பிரிட் புட்டி உருண்டது.

போர்வைக்குள் ஒரு ரேடியோ இருந்தது. "எங்கப்பாவோடது. பரண்ல கிடந்துச்சு. நீங்க கை வச்சா நல்லா வரும்னு தோணிச்சு" என்றார் மாப்பிள்ளை.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் மச்சான். குடுத்துப் பாருங்க, நல்லபடியா முடிச்சுக் குடுத்தார்னா நானே போய் வாங்கிட்டு வரேன்னு சொன்னா."

அதற்குப் பிறகு மாப்பிள்ளை பேசிய எதுவும் அசல்காரரின் காதில் சரியாக ஏறியிருக்க வாய்ப்பில்லை. நானே போய் வாங்கிட்டு வரேன். அதாவது தங்கை இந்த வாசலுக்கு வருவாள். இந்தப் பெட்டி நன்றாக வந்தால் வருவாள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவிக்கும் அது கேட்டது. தண்ணீர் கொண்டு வருகிற சாக்கில் இறங்கி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறிப் போனாள்.

ரேடியோவைச் சன்னல் பக்கம் திருப்பினார் அசல்காரர். மூலைகள் பிளந்திருந்தன, அடியில் ஈரம் பட்டு உப்பியிருந்தது, மேல்மெருகு கறுத்துச் சொரசொரத்துக் கிடந்தது. ஆனால் முன்முகம், அடேயப்பா! டயல் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கருப்பும் பழுப்புமாக வரிகள் சுழித்து, வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஓடின. அவர் உச்சி குளிர்ந்துபோனது.

"அசல் வால்நட், மாப்பிள்ளை! அதுவும் வேர்ப்பக்கத்து மரம். இப்படி வரி விழறது லேசுல கிடைக்காது."

"மச்சான், எங்கப்பா இதைப் பத்தி என்ன சொல்லுவாருன்னா..."

"உங்கப்பாவுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. சனியன் பிடித்த நாக்கு. நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"ஆமாங்க மச்சான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அசல்காரரின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் பெட்டியின் ஓரத்துக்குப் போயிருந்தது. இந்த மனிதர் முன்னால் சுரண்டியதால்தானே இவ்வளவும்? விரலை மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளைச் சுரண்டாமல் விட்டார்.

மறுநாள் வேலையைத் தொடங்கினார். உள் இயந்திரத்தை மெக்கானிக்கிடம் அனுப்பினார். எந்தப் பெட்டியானாலும் கண்ணில் படாத ஒரு மூலையில் மெருகைக் கரைத்து, அடியில் என்ன மரம் என்று பார்த்துக்கொள்வது அவர் வழக்கம். இதிலும் பார்த்தார். இடது பக்கப் பலகையின் கீழ்மூலையில் மெருகைக் கரைக்கும் ரிமூவரைத் தடவித் துடைத்தார். நல்ல மரம், அசல் வெனீர். பக்கத்துப் பலகையே அசல் என்றால் முகப்பைப் பற்றிச் சந்தேகப்படுவானேன்? இரண்டு பக்கமும் மேல்பலகையும் முடித்தார். ஒவ்வொன்றும் பாலில் கழுவியதுபோல் சுத்தமாக வந்தது. தங்கை வந்து நிற்கப்போகிற இடத்தைக்கூட மனதில் குறித்துவைத்தார். வாசலிலிருந்து நுழைந்தால் முதலில் கண்ணில் படவேண்டியது முன்முகம்தான்.

கடைசியாக முன்முகம். ரிமூவரைத் தாராளமாகத் தடவினார். கறுத்த மெருகு நுரைத்து எழும்பியது. சற்றுப் பொறுத்துத் துணியால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார்.

துணியோடு வரிகளும் வந்துவிட்டன.

முதலில் அவருக்குப் புரியவில்லை. இன்னும் அழுக்கு இருக்கிறது என்று நினைத்து இன்னொரு இழுப்பு இழுத்தார். அதில் மிச்சமும் வந்தது. சுழிகள், வளைவுகள், கருப்பு, பழுப்பு எல்லாம் துணியில் சேறாக அப்பியிருந்தன. பெட்டியில் வெளிறிய சாதாப் பலகை, கழுவிவிட்ட சிலேட்டு மாதிரி மொட்டையாக நின்றது. சில கம்பெனிகள் அந்தக் காலத்தில் முகப்புக்கு மட்டும் மர வரியைப் படம் பிடித்து, அச்சடித்து, பலகைமேல் ஏற்றி மெருகு போட்டார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அப்படிப்பட்டதைக் கையால் தொட்டதில்லை. சுரண்டியிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். நாடகத்தில் இப்படி ஒரு காட்சி வைத்தால் ஜனங்கள் நம்பமாட்டார்கள். ஊரில் உள்ளதையெல்லாம் சுரண்டியவர், சுரண்டவேண்டிய ஒன்றே ஒன்றை விட்டுவிட்டார்.

சத்தமே இல்லையே என்று மனைவி இறங்கி வந்தாள். பார்த்தாள்.

"ஐயோ, என்னங்க இது? வரியெல்லாம் எங்க?"

துணியைக் காட்டினார்.

"படம்மா. வெறும் படம். நான் அசல்னு நெனச்சேன்."

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப அவ வரமாட்டா" என்றார் அவர்.

போட்டோ ஏதாவது எடுத்து வைத்தாரா என்றால் அதுவும் கிடையாது. "என் கண்ணே போட்டோ" என்று வீம்பு பேசுகிறவர் அவர். அந்தக் கண்ணை நம்பி, மறுநாளிலிருந்து தன் கையாலேயே வரி வரைய உட்கார்ந்தார். ஆம், அசல்காரர்தான். பழுப்புச் சாயம் குழைத்து, மெல்லிய பிரஷ், பழைய சீப்பு, கோழி இறகு என்று ஒவ்வொன்றாக எடுத்து, எந்த வேலையை மோசடி என்று ஊர் முழுக்கச் சொன்னாரோ அந்த வேலையைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். கை என்னவோ சொன்னபடி கேட்டது. வரிகள் மரத்தில் இருப்பதுபோலவே விழுந்தன. ஆனால் அவை இந்த ரேடியோவின் வரிகள் இல்லை. சுழி இடப்பக்கம் தொடங்கியதா வலப்பக்கமா, கருப்பு மேலே அடர்ந்ததா கீழேயா, ஒன்றும் நினைவில்லை. வரைந்தார், துடைத்தார், வரைந்தார். கடைசியில் பார்க்க ஓரளவுக்கு வந்த ஒன்றைக் காயவைத்துவிட்டு, "இப்படியே குடுத்துடலாம். யாருக்குத் தெரியும்?" என்றார்.

"அவருக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து பாத்த பெட்டி" என்றாள் மனைவி. "அதுவும் நீங்களா இப்படிப் பேசறீங்க? பிரஷ்ஷால போட்டுட்டு அசல்னு குடுக்கப் போறீங்களா? ஒழுங்கா மாப்பிள்ளைகிட்டப் போய் நடந்ததைச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சுன்னும் கேளுங்க."

"அவர்கிட்டயா? கேக்கிறதா?"

"கேட்டா நாக்கு தேஞ்சிடுமா?"

அன்று மத்தியானமே சட்டையை மாட்டிக்கொண்டு செருப்புக்கடைக்குப் போனார். நீளமான கடை. தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள். மாப்பிள்ளை இப்போது அங்கே மேலாளர். ஆனாலும் அவரைக் கண்டதும் ஓடிவந்து, "வாங்க மச்சான், உக்காருங்க" என்று வந்தவர் கால் வைத்துச் செருப்புப் போட்டுப் பார்க்கும் சாய்வு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கடையில் ஒருவர் உட்கார்ந்தால் எதிரே குனிந்து உட்காருவது அவருக்குக் கை கால் அறிந்த பழக்கம். கண் தானாக அசல்காரரின் தேய்ந்த செருப்புக்குப் போனது. தன்னைவிடத் தாழ உட்கார்ந்திருந்த அந்தத் தலையில் நரை இவ்வளவு இருக்கும் என்று அசல்காரருக்குத் தெரியாது.

"போச்சு மாப்பிள்ளை" என்றார். "முகப்பைத் துடைச்சேன். எல்லாம் அழிஞ்சு போச்சு. அது மரமே இல்ல, அச்சடிச்ச படம்."

மாப்பிள்ளை மெதுவாக, "தெரியும் மச்சான்" என்றார்.

"என்னது?"

"படம்னு தெரியும். எங்கப்பா எப்பவோ சொல்லியிருக்காரு. அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்."

"தெரிஞ்சா அப்பவே சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"நீங்க அசல்னு சொல்லிட்டீங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. பத்து வருஷம் கழிச்சு வந்து, முதல் பேச்சே நீங்க சொன்னது தப்புன்னு எப்படிச் சொல்றது?" மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கையில் இருந்த செருப்பு போடும் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுல ஒரு ஒட்டகம் இருந்துச்சு மச்சான்."

"ஒட்டகமா?"

"வலது பக்கத்துல. வரியெல்லாம் சேந்து ஒட்டகம் மாதிரியே இருக்கும். எங்கப்பாதான் காட்டினாரு. பாட்டுக் கேக்கும்போது ரெண்டு பேரும் அதையே பாத்துட்டிருப்போம். வேற யாருக்கும் தெரியாது, உங்க தங்கச்சிக்குக்கூட. மெருகு கறுத்துப் போய் அது மங்கிட்டே வந்துச்சு. அதை வெளிய கொண்டு வந்துடுவீங்கன்னு நெனச்சுத்தான்..." நிறுத்தினார். "அது போச்சா?"

அசல்காரர் தலையாட்டினார். வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் கத்தியிருப்பார்கள். கத்தினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. மாப்பிள்ளை எழுந்து, "பரவாயில்லீங்க மச்சான், என்ன பண்றது, நீங்க வேணும்னா பண்ணீங்க?" என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளை அடுக்கப் போனார். ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிகள். கண் சிவந்திருந்தது. மேல பளபளப்பு, உள்ள வெறும் தூள் என்று தான் சொன்ன மனிதர் இவர்தான் என்று அசல்காரருக்கு நினைவு வந்தது. உடம்பெல்லாம் கூசிப்போனது. எதையும் கேட்க வாய் வராமல் எழுந்து வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை வந்தாள். பெட்டி நன்றாக வந்துவிட்டது என்று யாரும் சொல்லி வரவில்லை. வாசல்படி ஏறும்போதே தெரிந்தது, சண்டைக்கு வருகிறாள். பின்னால் மாப்பிள்ளை, "விடும்மா, விடும்மா" என்று வந்தார்.

"எங்க அது?" என்றாள்.

அசல்காரர் விலகி நின்றார். முகப்பில் அவர் கையால் வரைந்த வரிகள் இருந்தன. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். அண்ணி "உக்காரும்மா" என்று நாற்காலியைத் தள்ளினாள். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"மூணு நாளா இவரு சரியாச் சாப்பிடல. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லன்னு சிரிக்கறாரு. நேத்துதான் வாயத் தொறந்தாரு" என்றாள். "இந்தப் பெட்டி போனதுக்கு நான் வரலண்ணா. நீ யாரையும் எதையும் கேக்க மாட்ட. இவரு யார்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டாரு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இத்தன வருஷமா அண்ணன் இல்லாம கிடந்தேன். உனக்கு அது தெரியுமா?"

அசல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் அன்னிக்கு மேசையில வச்சு சொன்னது தப்பு" என்றார்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? சொன்னது யாரை?"

அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். அதையே அவரிடம் சொன்னார். அவ்வளவு சின்ன வாக்கியம் வெளியே வர எவ்வளவு நேரம் பிடித்தது! மாப்பிள்ளை பதறிப்போய், "ஐய, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மச்சான், நான் அப்பவே மறந்துட்டேன்" என்றார்.

"பாத்தியா? இதுதான்" என்றாள் தங்கை. "மறந்துட்டாராம். அன்னிக்கு ராத்திரி முழுக்கப் பசை வச்சு அந்த மேசை ஓரத்தை ஒட்டிட்டே இருந்தாரு."

அசல்காரர் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, நாள் கணக்கில் உட்கார்ந்து வரைந்த வரிகளை முழுக்கத் துடைத்தார். முகப்பு மறுபடி மொட்டையானது. பிரஷ்ஷை எடுத்துச் சாயத்தில் தோய்த்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, எனக்குத் தெரியல. அந்த ஒட்டகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். "இங்க முதுகு. இப்படி இறங்கி, இங்க கால்" என்று விரலால் காற்றில் காட்டினார். அசல்காரர் வரைந்தார். முதுகின் வளைவு, மேலே ஏறும் கழுத்து, சுற்றிலும் அதை மறைக்கிற மாதிரி மர வரிகள்.

"நல்லா இருக்குங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"நல்லா இருக்கா?" என்றாள் தங்கை.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மூடினார். பெட்டியைப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "கழுத்து குட்டையாப் போச்சு. ஆடு மாதிரி இருக்கு."

அசல்காரர் துடைத்தார். மறுபடி வரைந்தார்.

"இதுவும் இல்ல மச்சான். அது தலையத் தூக்கிப் பாக்கும். இது மேயுது."

துடைத்தார், வரைந்தார். அடுத்த தடவை அவர் முடிக்கும்வரைகூட மாப்பிள்ளை பொறுக்கவில்லை. "தப்பு! சுத்தத் தப்பு! எங்கப்பாவோட ஒட்டகம் இது இல்ல!" என்று கத்தினார். அந்த மனிதர் கத்தி அந்த அறையில் இருந்த ஒருவரும் கேட்டதில்லை. மச்சான் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, தானே அழுத்தித் துடைத்தார். மூச்சு வாங்கியது. சட்டையெல்லாம் சாயம். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அசல்காரருக்குக் கோபம் வரவில்லை. பிரஷ்ஷை மறுபடி சாயத்தில் தோய்த்துக்கொண்டு, தங்கை என்ன செய்யப் போகிறாளோ என்று திரும்பிப் பார்த்தார்.

அவள் அண்ணி தள்ளிவைத்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

"போடுண்ணா" என்றாள். "எத்தன தடவை ஆனாலும் போடு. அவரு சொல்லட்டும்."